பென்சிலில் வந்த மும்ப்சிமுஸ்

சென்ற ஆடி மாதம் ஒரு புரூஃப் கட்டு எனக்குத் திரும்பி வந்தது. ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் எழுதிய வாழ்க்கை நினைவுகள். இருநூற்று எழுபது பக்கம். நான் சிவப்புப் பேனாவால் போட்டிருந்த திருத்தங்களில் பெரும்பாலானவற்றை அவர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தார். ஒற்று மிகும், மிகாது என்பதற்கெல்லாம் சண்டைக்கு வரவில்லை. ஆனால் ‘அருகாமையில்’ என்று அவர் எழுதி, ‘அருகில்’ என்று நான் மாற்றிய 41 இடங்களிலும் என் திருத்தத்தைப் பென்சிலால் அடித்துவிட்டு, தன் சொல்லையே மறுபடி உட்கார வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய, சாய்ந்த கையெழுத்தில் ஒரு குறிப்பு: “ஐயா, என் பழைய மும்ப்சிமுஸ் எனக்குப் போதும். உங்கள் புதிய சும்ப்சிமுஸை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.”

முதலில் ஏதோ மருந்தின் பெயர் என்று நினைத்தேன். அப்புறம் கெட்ட வார்த்தையோ என்ற சந்தேகம் வந்தது. அவருக்குப் போன் செய்து கேட்கலாம்தான். இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்திப் பிழைக்கிறவன், ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாது என்று எழுத்தாளரிடமே போய் நிற்பதற்கு மனம் ஒப்பவில்லை. அகராதியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று மதியம் முடிய வேண்டிய வேலை. புரட்டாசி தாண்டியும் முடியவில்லை.

‘அருகாமை’ விஷயத்தில் என் கட்சியை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கல்லாமை என்றால் கல்வி இல்லாதது, பொறாமை என்றால் பொறுக்காதது. அந்தக் கணக்கில் அருகாமை என்றால் அருகே வராதது. ‘கோயிலுக்கு அருகாமையில் எங்கள் வீடு’ என்று எழுதுகிறவர், இலக்கணப்படி பார்த்தால், கோயிலை விட்டுத் தள்ளிக் குடியிருக்கிறார். இதைப் பல பேருக்குப் பல தடவை விளக்கியிருக்கிறேன். விளக்கும்போது உள்ளூர ஒரு சந்தோஷம் இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வாயில் வந்த வார்த்தை

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு வயது ஐந்நூறுக்கு மேல். பிறந்தது ஒரு கேலிக் கதையில். கத்தோலிக்கர்களின் லத்தீன் பூசையில், நற்கருணை உட்கொண்ட பிறகு பாதிரியார் தாழ்ந்த குரலில் சொல்லும் ஒரு மன்றாட்டு உண்டு: ‘குவோத் ஓரே சும்ப்சிமுஸ், தோமினே’ என்று தொடங்கும். ஆண்டவரே, நாங்கள் வாயால் உட்கொண்டதைத் தூய மனத்தோடு ஏற்றுக்கொள்வோமாக என்பது அதன் கருத்து. ‘சும்ப்சிமுஸ்’ என்றால் ‘உட்கொண்டோம்’. படிப்பு போதாத ஒரு பாதிரியார் இதை வருடக்கணக்காக ‘மும்ப்சிமுஸ்’ என்றே சொல்லிவந்தார். லத்தீனில் அப்படி ஒரு சொல்லே இல்லை. பின்னால் வரப்போகிற இரண்டு மகரங்கள் முன்னால் இருந்த சகரத்தையும் தம் பக்கம் இழுத்துக்கொண்டன போலும். முணுமுணுத்துச் சொல்கிற மந்திரத்தில் இதெல்லாம் யார் காதில் விழப்போகிறது? கடைசியில் படித்தவர் ஒருவர் காதில் விழுந்தது. அவர் திருத்தினார். பாதிரியார், என் பழைய மும்ப்சிமுஸை உமது புதிய சும்ப்சிமுஸுக்காக மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான் கதை. அந்தப் பிடிவாதத்திலிருந்து ஆங்கிலத்துக்கு ஒரு சொல் கிடைத்தது. தவறு என்று காட்டிய பிறகும் பழையதை விடாத ஆளுக்கும் மும்ப்சிமுஸ் என்று பெயர். அவர் விடாத அந்தத் தவறுக்கும் அதுவே பெயர். தவறு செய்தவனையும் செய்த தவறையும் ஒரே சொல்லால் சுட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. பல வருடம் ஒன்றாகக் குடித்தனம் நடத்திய பிறகு இரண்டையும் பிரிப்பது கஷ்டம்தானே.

கதையை எழுத்தில் வைத்தவர் டச்சு அறிஞர் எராஸ்மஸ். 1516 ஆகஸ்டில், கேம்பிரிட்ஜில் இருந்த நண்பர் ஹென்றி புல்லக்குக்கு எழுதிய கடிதத்தில் இது வருகிறது. அந்தப் பாதிரியார் இருபது வருடமாக அப்படிச் சொல்லிவந்தாராம். அடுத்த ஆண்டே ரிச்சர்ட் பேஸ் என்ற ஆங்கிலேயத் தூதர், கல்வியின் பயன் பற்றி லத்தீனில் எழுதிய தன் புத்தகத்தில் இதே கதையைச் சொன்னார். அங்கே பாதிரியார் ஆங்கிலேயர் ஆகிவிட்டார். இருபது வருடம் முப்பது வருடமாகிவிட்டது. பிழையைப் பற்றிய கதையே கை மாறும்போது பத்து வருடம் கூடிப்போனதை, புரூஃப் பார்க்கிறவன் என்ற முறையில் ரசித்துப் படித்தேன்.

எராஸ்மஸ் பொழுது போகாமல் இந்தக் கதையைச் சொல்லவில்லை. அந்த வருடத் தொடக்கத்தில்தான் பாசல் நகரத்தில் ஃபுரோபன் அச்சகத்திலிருந்து அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்திருந்தது. ஒரு பக்கம் கிரேக்க மூலம், எதிரே அவரே திருத்திய லத்தீன். ஆயிரம் வருடமாகத் திருச்சபை ஓதிவந்த லத்தீன் வேதத்தில் பிழைகள் இருக்கின்றன, கிரேக்கத்தோடு ஒப்பிட்டால் தெரியும் என்பது அவர் வாதம். படித்தவர்கள் சிலர் கொண்டாடினார்கள். பலர் கொதித்துப் போனார்கள். கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரி, குதிரையிலோ படகிலோ வண்டியிலோ கூலியாள் தலையிலோ இந்தப் புத்தகம் உள்ளே வரக்கூடாது என்று தீர்மானமே போட்டதாகப் புல்லக்குக்கு எழுதுகிறார். கூலியாள் தலையைக்கூட மறக்காத தீர்மானம். அதைப் போட்டவர்களுக்கு எராஸ்மஸ் மாட்டிய பட்டம்தான் அந்தப் பாதிரியார்.

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட குதூகலத்தை மறைக்க விரும்பவில்லை. பேராசிரியர் தன் வாயாலேயே தன்னைப் பாதிரியார் ஆக்கிக்கொண்டுவிட்டார். அப்படியானால் நான்? நாற்பத்தோரு இடத்திலும் சரியானதைச் சொன்ன அந்தப் படித்தவன். இரண்டு நாள் நடையே மாறிப்போயிருந்தது என்று வீட்டில் சொன்னார்கள்.

ஒரு விஷயம் மட்டும் இடறியது. அகராதியைப் புரட்டப் புரட்ட, ஆங்கிலம் தன் மும்ப்சிமுஸ்களை விழுங்கி ஏப்பம் விட்ட மொழி என்று தெரிந்தது. விரியன் பாம்பைக் குறிக்கும் ‘ஆடர்’ ஒரு காலத்தில் ‘நாடர்’. ‘ஒரு’ என்னும் பொருளில் முன்னே வரும் சொல்லோடு நகரம் ஒட்டிக்கொண்டு போக, பாம்பு தலையில்லாமல் நின்றது. சமையலறையில் கட்டிக்கொள்ளும் ‘ஏப்ரன்’ முன்பு ‘நேப்ரன்’. ஆரஞ்சும் இதே மாதிரி நகரத்தை இழந்த சொல்தான். அது நம் நாரத்தை வழியிலிருந்து சமஸ்கிருதம், பாரசீகம், அரபு என்று ஊர் சுற்றிப் போனது என்று பெரும்பாலான அகராதிகள் சொல்லும். நகரம் உதிர்ந்தது ஆங்கிலத்துக்குப் போவதற்கு முன்பே. ‘சிலபஸ்’ கதை இன்னும் வேடிக்கை. பழைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களில், புத்தகச் சுருளில் ஒட்டும் தோல் பெயர்ச்சீட்டைக் குறிக்க ‘சித்திபா’ என்ற கிரேக்கச் சொல் வருகிறது. பதினைந்தாம் நூற்றாண்டு அச்சுப் பதிப்பில் அது பிழைபட்டுப் போனது. அந்தப் பிழையைத்தான் பிள்ளைகள் பரீட்சைக்கு முந்தின இரவு ‘சிலபஸ் முடியவில்லை’ என்று அழுகிறார்கள். அங்கே என்னைப் போல் ஒருவன் சிவப்புப் பேனாவோடு இருந்திருந்தால் இந்தச் சொல்லே கிடையாது.

ராஜா சொன்ன தீர்ப்பு

கேலிக்குப் பிறந்த இந்தச் சொல் இங்கிலாந்தில் சீக்கிரமே அரசியலுக்கு வந்துவிட்டது. எட்டாம் ஹென்றி தன் முதல் மனைவியை விலக்கி வைக்கக் காரணம் தேடிய காலம். அதற்காகத் திரட்டப்பட்ட வக்கீல்களையும் பண்டிதர்களையும் வேதசாஸ்திர மும்ப்சிமுஸ்கள் என்று 1530இல் திட்டினார் வில்லியம் டிண்டேல். எராஸ்மஸின் கிரேக்கத்தை வைத்துக்கொண்டு புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் தந்தவர் அவர். அந்த வேலைக்குப் பரிசாக 1536இல் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள்.

ஒன்பது வருடம் கழித்து, 1545 டிசம்பர் 24 அன்று, ஹென்றி நாடாளுமன்றத்தில் பேசினார். அங்கே அவர் பேசிய கடைசிப் பேச்சு அது. பதின்மூன்று மாதத்தில் இறந்துபோனார். ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று நான் அனுமதித்த வேதத்தைச் சாராயக்கடைதோறும் பாட்டாகப் பாடி வம்பு பேசுகிறீர்களே என்று குறைப்பட்டுக்கொண்டார். குருமார்களைப் பார்த்து, சிலர் தங்கள் பழைய மும்ப்சிமுஸில் விறைத்து நிற்கிறார்கள், சிலர் தங்கள் புதிய சும்ப்சிமுஸில் வேண்டாத துருவலாகத் துருவுகிறார்கள் என்று சொன்னார். நடுநிலையான பேச்சு என்று தோன்றும். 1540 ஜூலை 30 அன்று இதே ராஜா லண்டன் ஸ்மித்ஃபீல்டில் ஆறு பேரைக் கொன்றார். சீர்திருத்தம் பேசிய மூவரை மதத்துரோகிகள் என்று எரித்தார்கள். போப்பை விடாத மூவரை ராஜத்துரோகிகள் என்று தூக்கிலிட்டு வெட்டினார்கள். மும்ப்சிமுஸ் மூன்று, சும்ப்சிமுஸ் மூன்று. தராசு பிசகவில்லை.

அந்த ஆறு பேரைப் பற்றிப் படித்த இரவில்தான் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஒரு ஐகாரத்துக்கும் ஒற்றுக்கும் நான் படுகிற கோபமும் அதே வகையறாதானோ என்று ஒரு கணம் தோன்றியது. மறுநாள் காலையில் அந்த எண்ணம் போய்விட்டது. சரி சரிதான், தவறு தவறுதான் என்று காப்பி குடித்தேன். உண்மையில் என்னைக் கவிழ்த்தது ராஜா அல்ல, ஒரு தாள்.

காணாமல் போன தாள்

எராஸ்மஸ் அந்தப் புத்தகத்தை அவசரத்தில் கொண்டுவந்தார். பதிப்பித்தது என்பதைவிடத் தூக்கி எறிந்தது என்று சொல்லலாம் என்று அவரே பிற்பாடு எழுதினார். அச்சகம் காத்திருக்கிறது. புதிய ஏற்பாட்டின் கடைசிப் பகுதியான வெளிப்பாட்டுக்கு அவரிடம் இருந்தது ஒரே ஒரு கிரேக்கச் சுவடி, ரோய்க்லின் என்ற அறிஞரிடம் இரவல் வாங்கியது. அதன் கடைசித் தாளைக் காணோம். வெளிப்பாட்டின் கடைசி ஆறு வசனங்கள் அதோடு போய்விட்டன. வேறு சுவடி தேட நேரமில்லை. எராஸ்மஸ் என்ன செய்தார் தெரியுமா? எந்த லத்தீன் வேதத்தை நம்பாதீர்கள், கிரேக்கத்தைப் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னாரோ, அதே லத்தீனை எடுத்து அந்த ஆறு வசனங்களையும் தானே கிரேக்கத்தில் மொழிபெயர்த்துப் போட்டுவிட்டார்.

லத்தீனில் மரத்துக்கு ‘லிக்னும்’, புத்தகத்துக்கு ‘லிபெர்’. வேற்றுமை ஏறும்போது ‘லிக்னோ’, ‘லிப்ரோ’ என்று ஆகும். எழுத்தில் பார்த்தால் நடுவில் இரண்டு எழுத்துதான் வித்தியாசம். எப்போதோ ஒரு லத்தீன் எழுத்தர் கண் அயர்ந்து மரத்தைப் புத்தகம் ஆக்கிவிட்டார். எராஸ்மஸ் கையில் இருந்த லத்தீனில் புத்தகம் இருந்தது. அவரும் ‘வாழ்வின் புத்தகம்’ என்று கிரேக்கத்தில் எழுதினார். கிரேக்கச் சுவடி மரபில் அங்கே இருப்பது ‘வாழ்வின் மரம்’. 1527இல் வந்த நான்காம் பதிப்பில் வெளிப்பாட்டைப் பல இடங்களில் திருத்தினார். இந்த இடம் தப்பிவிட்டது. டிண்டேலின் கையில் போனதும், 1611இல் ஜேம்ஸ் மன்னர் பதிப்பு என்ற ஆங்கில வேதாகமத்தில் ஏறியதும் புத்தகம்தான். பிழை நுழைந்த வசனம் எது என்றால், கடைசி அதிகாரத்தின் 19ஆம் வசனம். இந்த நூலின் சொற்களிலிருந்து எதையாவது எடுத்துப்போடுகிறவனைக் கடவுள் என்ன செய்வார் என்று எச்சரிக்கிற வசனம்.

இதைப் படித்ததும் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனேன். பாளையங்கோட்டையில் வேதாகமத்துக்கு அலைய வேண்டியதில்லை. டீச்சர் ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஜிப் வைத்த கறுப்பு உறையிலிருந்து எடுத்து, விரலை எச்சில் தொட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போனார்கள். கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசித்தார்கள்: “ஜீவபுஸ்தகத்திலிருந்தும், பரிசுத்த நகரத்திலிருந்தும்...” எனக்குப் புல்லரித்துப் போனது. பாசலில் ஒரு அச்சகத்து அவசரம், ஐந்நூறு வருடம் கழித்து, முருங்கை மரம் நிற்கிற எங்கள் தெருவில், டீச்சரின் குரலில். தெருமுனைத் தையற்காரர் கத்தோலிக்கர். அவர் வீட்டுத் திருவிவிலியத்தை வாங்கிவந்து அதே வசனத்தை எடுத்தேன். அங்கே வாழ்வு தரும் மரம் இருந்தது. கிரேக்கச் சுவடிகளை ஒப்பிட்டுப் பிற்காலத்தில் செய்த மொழிபெயர்ப்பு அது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து டீச்சருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். தாள் காணாமல் போனது, லிக்னோ, லிப்ரோ, எல்லாம். அவர்கள் முழுதாகக் கேட்டார்கள். நாற்பது வருடம் வகுப்பெடுத்தவர்கள், பொறுமை அதிகம். பிறகு, “சார்வாளை அடக்கம் பண்ணின அன்று, ஜீவபுஸ்தகத்தில் அவர் பேர் எழுதியிருக்கிறது என்று சொல்லித்தானே தம்பி ஜெபம் செய்தோம். இப்போது மரம் என்றால் எப்படி?” என்றார்கள். நான் பதறிப்போய், வெளிப்பாட்டில் வேறு இடங்களில் ஜீவபுஸ்தகம் உண்டு, அங்கெல்லாம் சந்தேகமே கிடையாது, இந்த ஒரு வசனத்தில் மட்டும்தான் மரம் என்றேன். டீச்சர் உறையின் ஜிப்பை இழுத்து மூடினார்கள். “பிறகென்ன? இங்கேயும் இருந்துவிட்டுப் போகட்டும்.”

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு குறி உண்டு. திருத்தியது வேண்டாம், முன்பிருந்ததே இருக்கட்டும் என்றால் சொல்லுக்கு அடியில் புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் ‘ஸ்டெட்’ என்று எழுதுவோம். அதுவும் லத்தீன்தான். இருக்கட்டும் என்று பொருள்.

வீட்டுக்கு வந்ததும் என் அத்தை ஞாபகம் வந்துவிட்டது. நான் இந்த வேலைக்குப் புதிதாக வந்த வருடம். அத்தைக்கு முழங்கால் வலி, டவுனில் ஒரு இளம் டாக்டர் ஊசி போட்டு வலி அதிகமாகியிருந்தது. திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு, “ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று சும்மாவா சொன்னார்கள்” என்றாள். நான் குதித்தேன். அது பேரை இல்லை அத்தை, வேரை. ஆயிரம் மூலிகை வேரைக் கொன்றவன்தான் அரை வைத்தியன், ஜனங்கள் மாற்றிவிட்டார்கள் என்று, அந்த வாரம் எங்கோ படித்திருந்ததை ஒப்பித்தேன். அத்தை கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். “வேரைக் கொல்வதற்கு வைத்தியன் எதற்கு மருமகனே? பன்றி போதாதா?”

திண்ணையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. படிக்காத பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன். சாகும்வரை அவள் பேரைத்தான் கொன்றாள். நானும் அந்தப் பழமொழி அச்சுக்கு வரும்போதெல்லாம் விடாமல் வேரைத் திணித்துவந்தேன். அன்று இரவு அலமாரியின் மேல்தட்டிலிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த பழமொழித் தொகுப்பு ஒன்றின் மறுபதிப்பை இறக்கினேன். தூசி தட்டி ஆகார வரிசைக்குப் போனேன். பேரை என்றுதான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் வேரை யாரும் கொல்வதாகத் தமிழில் சொல்வதே இல்லை. பறிப்பார்கள், அலசுவார்கள், இடிப்பார்கள், காய்ச்சுவார்கள். கேலியாகப் பிறந்த பழமொழி. அந்தக் கேலி பொறுக்காத யாரோ ஒருவர் அதற்கு மரியாதையான மூலம் ஒன்றைச் செய்துவைத்திருக்கிறார். கழுதைக்கும் கற்பூரத்துக்கும் இப்படி ஒரு ‘உண்மைப் பொருள்’ கைபேசியில் வந்தபடி இருக்கிறது. மண் குதிரைக்கும் இருக்கிறது. அவற்றில் எத்தனையை நான் நம்பி அச்சேற்றினேன் என்று கணக்குப் பார்க்கவில்லை.

‘அருகாமை’ பற்றி என் கருத்து மாறிவிட்டதா என்றால், இல்லை. இந்தக் கட்டுரையில் எங்கும் நான் அதைப் பொருளுக்காகப் பயன்படுத்தவில்லை, இனியும் மாட்டேன். இருந்தாலும் பேராசிரியரின் கட்டை மறுபடி பிரித்து, முதல் ‘அருகாமையில்’ வந்த பக்கத்திலிருந்து வரிசையாக, ஒவ்வொன்றின் அடியிலும் புள்ளி வைத்து, ஓரத்தில் ஸ்டெட் போட்டுக்கொண்டே வந்தேன். நாற்பத்தொன்றும் முடிய மாலையாகிவிட்டது. 212ஆம் பக்கத்தில், நான் முதல் தடவை கவனிக்காமல் விட்ட ஒன்று கண்ணில் பட்டது. தன் முதல் மாதச் சம்பளம் ‘முன்னூறு ரூபாய்’ என்று எழுதியிருந்தார். மூன்று நூறு முந்நூறுதான். முன்னூறு என்றால் முன்னே கொடுத்த நூறு. கை பரபரத்தது. சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு அனுப்பிவைத்தேன்.

கட்டு பத்து நாளில் திரும்பி வந்தது. 212ஆம் பக்கத்தில் என் கேள்விக்குறியை மட்டும் பென்சிலால் அடித்திருந்தார்.